பூஜ்யத்தில் விடுபட்ட படி

"சார், இதக் கொஞ்சம் பாருங்க" என்று கமால் சார் மேஜைத் தலைவருக்குக் குரல் கொடுத்தபோது, நான் ஈரக் கைக்குட்டையைக் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் பிளஸ் டூ கணக்கு விடைத்தாள் திருத்தும் முகாம். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினொரு மணிக்கே சூடு தலையில் இறங்கும். சிவப்பு மைப் பேனா வியர்வையில் வழுக்கும். விடைத்தாளில் கை பட்ட இடமெல்லாம் ஊறி மை பரவும். சுவரோரம் இருந்த மண்பானையில் தண்ணீர் எப்போதும் பாதிக்குக் கீழேதான்.

கமால் சார் எனக்குப் பக்கத்து நாற்காலி. தருமபுரிக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடைவீதியில் பாத்திர வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் கணக்கு வாத்தியார் ஆனவர். ஒரே பள்ளியிலிருந்து வந்த கட்டு ஒன்றை அன்று காலை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்தார்கள். அவர் தன் பாதியைத் தொடங்கிவிட்டார். நான் இன்னும் முந்தைய கட்டில் இருந்தேன்.

எங்கள் மேஜைக்குத் தலைவர் நஞ்சப்பன் சார், முதன்மைத் தேர்வாளர். நாங்கள் திருத்தியதை மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். ஓசூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் ஒன்றோ இரண்டோ வருடம் பாக்கி. கோபமோ ஆச்சரியமோ வந்தால் முதலில் கன்னடம்தான் வரும்.

"ஏனு இது?" என்றார் தாளை வாங்கிப் பார்த்து. "எல்லா பேப்பர்லயும் இதே படமா?"

"இதுவரைக்கும் ஒம்போது பாத்துட்டனுங்க. ஒம்போதும் ஒரே மாதிரி தப்பு. மேல ஒரு வரி வேற எழுதியிருக்காங்க, மந்திரம் மாதிரி."

நஞ்சப்பன் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

"புள்ளிக்குப் பின் உள்ளதை நீக்குக."

கைக்குட்டையைக் கழுத்திலிருந்து எடுத்தேன். அது என் வாக்கியம்.

இடப்பக்கம் பார்க்கும் கணக்கு

'கணக்கு என்றாலே எனக்கு ஜுரம், இந்த வாரமாவது அதை விட்டுவிட்டு எழுதுங்கள்' என்று வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். மன்னிக்க வேண்டும் அம்மா. இந்த வாரம் அதை விட்டுவிட்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் சுலபமான கணக்குதான்.

படிநிலைச் சார்பு என்று ஒன்று உண்டு. வரைந்தால் மாடிப்படி போலவே இருக்கும். கொஞ்ச தூரம் சமமாகப் போகும், சட்டென்று ஒரு படி ஏறும், மறுபடி சமமாகப் போகும்.

எப்படி வரைவது? எண்கோட்டின் மேல் ஓர் இடத்தில் நில்லுங்கள். இடப்பக்கம் திரும்புங்கள். முதலில் தட்டுப்படும் முழு எண் எதுவோ அதுதான் விடை. முழு எண்ணின் மேலேயே நின்றால் அந்த எண்ணேதான். இரண்டே முக்காலில் நிற்கிறீர்கள், விடை இரண்டு. இரண்டரையில் நின்றாலும் இரண்டு. மூன்றைத் தொட்டதும்தான் மூன்றுக்குத் தாவும்.

அந்த வருடக் கேள்வி இதுதான். மைனஸ் இரண்டிலிருந்து மூன்று வரை இந்தச் சார்பை வரைய வேண்டும். என்னென்ன மதிப்புகள் கிடைக்கின்றன என்று எழுத வேண்டும், அதற்கு வீச்சகம் என்று பெயர். எந்தெந்தப் புள்ளிகளில் வரைபடம் தாவுகிறது என்றும் சொல்ல வேண்டும். படத்துக்கு மூன்று, வீச்சகத்துக்கு ஒன்று, தாவும் புள்ளிகளுக்கு இரண்டு. மொத்தம் ஆறு மதிப்பெண்.

ஒவ்வொரு படியும் எங்கே தொடங்குகிறதோ அங்கே அடைத்த புள்ளி. எங்கே முடிகிறதோ அங்கே வெற்று வட்டம், அதாவது 'இதுவரைக்கும் வரும், இதைத் தொடாது' என்று அர்த்தம். கடைசியில் மூன்றின் மேல் ஒரே ஒரு புள்ளி தனியாக நிற்கும். பாதிப் பிள்ளைகள் அந்த ஒற்றைப் புள்ளியை விட்டுவிடுவார்கள்.

குழப்பம் வருவது பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம், மைனஸ் எண்களில். மைனஸ் ஒன்றரையில் நின்று இடப்பக்கம் பார்த்தால் தட்டுப்படுவது மைனஸ் இரண்டு. ஆனால் அரையை அப்படியே வெட்டி எறிந்தால் கிடைப்பது மைனஸ் ஒன்று. அது வலப்பக்கம் இருக்கிற எண். தப்பு.

கமால் சார் காட்டிய தாள்களில் எல்லாரும் வெட்டி எறிந்திருந்தார்கள். அதனால் மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரைக்கும் தரையோடு தரையாக ஒரே நீளக் கோடு. பூஜ்யத்தில் ஏற வேண்டிய படியே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படித் தப்பாகப் போட்டாலும் வீச்சகம் சரியாகவே வந்துவிடும். தாவும் இடங்களின் எண்ணிக்கைகூட ஐந்துதான், சரியான விடையிலும் ஐந்து. இடங்கள்தான் வேறு. பரீட்சை ஹாலில் கூட்டிக் கழித்துப் பார்க்கிற பிள்ளைக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

காலை பாசஞ்சர்

அந்த ஜனவரி வரைக்கும் நான் மொரப்பூரில் குடியிருந்தேன். வேலை பார்த்தது பக்கத்து மாவட்டத்தில், திருப்பத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூர்ப் பள்ளியில். விடியுமுன் எழுந்து சோறு வடித்து, எட்டு மாதப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்து, நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். வண்டியில் உட்கார இடம் கிடைத்த நாட்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். இறங்கி அங்கிருந்து பஸ். பஸ் இல்லாவிட்டால் நடை.

கணவர் ஆரோக்கியம் பாலக்கோட்டில் சர்க்கரை ஆலையில் இருந்தார். அரவைக் காலத்தில் வாரம் ஒரு தடவை வருவதே பெரிய காரியம். வந்தாலும் பாதி நேரம் தூக்கம். அவர் மேல் அடிக்கும் கரும்புச் சக்கை வாடையில் குழந்தை அழும்.

அந்தப் பள்ளிக்கு மேல்நிலை வகுப்பு வந்து இரண்டாவது வருடம்தான் ஆகியிருந்தது. கணக்குக்கு நான். இயற்பியலுக்கு ஆள் போடாததால் அதற்கும் நான். பாடப்புத்தகம் தாமதமாக வந்தது, அதுவும் வகுப்புக்கு நாலைந்து. நான் கரும்பலகையில் எழுதுவதுதான் அவர்களுக்குப் புத்தகம். எழுத்துப் பிழை விட்டால் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

அந்தப் பாடம் நடத்திய மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். இல்லை. மழைக்காலம் என்பது மட்டும் ஞாபகம். பால் கட்டி ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றது ஞாபகம். சீக்கிரம் மணி அடித்தால் தேவலை என்று இருந்தது ஞாபகம். பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு சூத்திரம் போலச் சொன்னேன், 'புள்ளிக்குப் பின் உள்ளதை நீக்குக' என்று. பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் அது சரி. இந்தப் பக்கம் வந்தபோதும் அதே கையோடு நீக்கிக்கொண்டே போயிருக்கிறேன். புத்தகத்தில் இருந்த படமும் பூஜ்யத்திலிருந்து வலப்பக்கம் மட்டும்தான். ஒத்துப் பார்க்க அவர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

பொங்கல் முடிந்ததும் பாலக்கோட்டுக்கு மாறுதல் கிடைத்தது. கெஞ்சி வாங்கிய மாறுதல். எனக்குப் பின் அந்த இடம் பரீட்சை வரைக்கும் காலியாகக் கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முகாமின் முதல் நாள் விடைக்குறிப்பைக் கையில் கொடுத்தபோது அதில் சரியான படம்தான் இருந்தது. பார்த்தேன், தலையாட்டினேன், அதை வைத்து மூன்று நான்கு நாட்களாக யார் யாருடைய தாள்களையோ திருத்தவும் செய்தேன். நான் சொல்லிக்கொடுத்தது வேறு என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவ்வளவு அசதி.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் இருந்தார். ஒருநாள் பலகையில் ஒரு நிரூபணத்தின் நடுவே கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் போட்டுவிட்டு, கடைசி வரி வராமல் அரை மணி நேரம் திண்டாடினார். விடுதிக்கு வந்து அவரைப் போலவே நடித்துக் காட்டி அறைத் தோழிகளைச் சிரிக்க வைத்தது நான்தான். மறுநாள் அவர் வந்து, 'வீட்டுல உடம்பு சரியில்லம்மா, அதான்' என்றார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

நானும் சிரித்தேன்

நஞ்சப்பன் சார் கமாலின் தாள்கள் ஐந்தாறை வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தார்.

"இதுல பேசறதுக்கு ஒண்ணுமில்ல. ஒருத்தன் எழுதி, அத ஹால் முழுக்கப் பாஸ் பண்ணியிருக்கான். இல்லாட்டி உள்ளயே யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும். கட்டைத் தனியா எடுத்து வைங்க. மத்தியானம் ரிப்போர்ட் எழுதி மேல அனுப்பிடலாம்."

"அனுப்பினா என்னங்க ஆவும்?" என்றார் கமால் சார்.

"ரிசல்ட்ட நிறுத்தி வெப்பாங்க. விசாரணை, அது இதுன்னு ஆறு மாசம் போவும். ஆவட்டும், அப்பத்தான் புத்தி வரும்."

அந்தக் கட்டில் முப்பத்தெட்டுப் பேர். ஆறு மாதம் என்றால் கல்லூரி, ஆசிரியர் பயிற்சி, பாலிடெக்னிக் எல்லாம் கதவைச் சாத்தியிருக்கும். அந்த ஊரில் பெண் பிள்ளையை ஒரு வருடம் சும்மா வீட்டில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த தையில் கல்யாணம்.

சொன்னால் என் வேலை என்னாகும் என்று கணக்குப் போட்டேன். தகுதிகாண் பருவம் முடிந்து வேலை உறுதியாக இன்னும் இரண்டு மாதமே இருந்தது. தான் வேலை பார்த்த பள்ளியின் தாள் கைக்கு வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. ஆக, சொன்னாலும் விசாரணை, சொல்லாவிட்டாலும் தப்பு. அதோடு, அந்த ஹாலில் நாற்பது ஆண்களுக்கு நடுவே நாங்கள் மூன்றே மூன்று பெண்கள். ஒரு பெண் வாத்தியார் மைனஸ் ஒன்றரைக்கு விடை தெரியாமல் பாடம் நடத்தினாள் என்றால் அது மாவட்டம் முழுக்கப் போகும்.

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"சார், ஒருவேளை டீச்சரே தப்பா சொல்லிக் குடுத்திருக்கலாமில்லீங்களா?"

நஞ்சப்பன் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா ஜெசிந்தா, பி.ஜி. படிச்சிட்டு வந்தவன் எவன்மா இதைப் போய்த் தப்பா சொல்லித் தருவான்? அப்படி ஒருத்தன் இருந்தா அவனுக்கு மாலை போட்டு மொதல்ல ஒண்ணாங்கிளாஸுக்கு அனுப்பணும்."

மேஜை முழுக்கச் சிரித்தது. அடுத்த மேஜையிலும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். எத்தனையோ வருடம் கழித்து இதை எழுதும்போதும் அந்த இடத்தில்தான் பேனா நிற்கிறது.

அடித்த விடை

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். நான் தூக்குப் போசியைத் திறக்கவே இல்லை. கமால் சார் மட்டும் போகிற போக்கில் நின்று, "என்னங்க டீச்சர், சாப்புடலீங்களா? மொகமே சரியில்லயே" என்றார். தலைவலி என்றேன். பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஆளில்லாத ஹாலில் என் பங்குக் கட்டைப் பிரித்தேன். பத்தொன்பது தாள். பெயர் கிடையாது, எண்தான். ஆனால் கையெழுத்து தெரியுமே. யார் எழுத்து என்று சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வகுப்பின் எழுத்து என்று தெரிந்தது. நான் வெற்று வட்டத்தை எப்போதும் கொஞ்சம் பெரிதாகப் போடுவேன். அவர்களும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நான் அச்சுக் கோடுகளின் நுனியில் அம்புக்குறியை இரண்டு தடவை அழுத்தி வரைவேன். அவர்களும் இரண்டு தடவை அழுத்தியிருந்தார்கள்.

ஒவ்வொன்றாக அந்தக் கேள்விக்குத் திருப்பினேன். புள்ளிக்குப் பின் உள்ளதை நீக்குக. நீளக் கோடு. புள்ளிக்குப் பின் உள்ளதை நீக்குக. நீளக் கோடு. ஒரு பிள்ளையாவது என்னை நம்பாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ தாளில் கை நின்றது.

அதில் இரண்டு படங்கள். முதல் படம் சரியானது. மைனஸ் இரண்டில் அடைத்த புள்ளியோடு தொடங்கி, பூஜ்யத்தில் ஒழுங்காகப் படி ஏறி, மூன்றின் மேல் அந்த ஒற்றைப் புள்ளியைக்கூட விடாமல் வைத்திருந்தது. கீழே தாவும் புள்ளிகள் ஐந்தும் சரி. ஆறுக்கு ஆறு போட வேண்டிய விடை. அதன் குறுக்கே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு, பெருக்கல் குறி மாதிரி. அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் என் வாக்கியத்தை எழுதி, என் படத்தை வரைந்திருந்தது அந்தப் பிள்ளை.

அதற்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், டீச்சர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று தன் விடையை அடித்திருக்கிறது.

மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். தாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

எழுதிக் கொடுத்தது

நஞ்சப்பன் சார் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பிள்ளைங்க காப்பி அடிக்கல. நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்."

"எதம்மா?"

"அந்தக் கணக்கத்தான் சார். ஜனவரி வரைக்கும் அந்த ஸ்கூல்ல நான்தான் டீச்சர். நான்தான் தப்பா நடத்திட்டேன்."

அவரைச் சுற்றி இருந்த ஐந்தாறு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கமால் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"யாரும்மா உங்களக் கேட்டாங்க?" என்றார் நஞ்சப்பன் சார், கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன மனிதனின் குரல். "பேசாம இருந்திருந்தா ஒரு ரிப்போர்ட்டோட போயிருக்கும். இப்ப நான் நாலு எழுதணும்."

கை கழுவிவிட்டு ஹாலுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"அந்தக் கணக்கை அன்னைக்கு நடத்தின மாதிரியே போடுங்க. யாரு பேப்பரையும் பாக்கக் கூடாது."

போட்டேன். கோடுகள் நேராகத்தான் வந்தன. மைனஸ் இரண்டில் தனியாக ஒரு புள்ளி. அப்புறம் ஒரு சின்னப் படி. அப்புறம் இரண்டு முனையிலும் வெற்று வட்டத்தோடு அந்த நீளக் கோடு. நஞ்சப்பன் சார் அதைப் பிள்ளைகளின் தாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அம்புக்குறியைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார்.

"ம். உங்க பிள்ளைங்கதான்" என்றார்.

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் சேர்ந்து காப்பி அடித்ததாக எழுதவிருந்த ரிப்போர்ட்டை அவர் அனுப்பவில்லை. கட்டை விடைக்குறிப்பின்படி திருத்தச் சொன்னார். பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் படம் சரியாக இருப்பதால் அதற்கு ஒன்று, வீச்சகத்துக்கு ஒன்று. ஆறுக்கு இரண்டு.

"தாவற புள்ளி அஞ்சுல நாலு சரியா இருக்குதுங்களே சார்?" என்று கமால் சார் கேட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு தப்பா சேத்திருக்கு, ஒண்ணு விட்டிருக்கு. குறிப்புல அதுக்குப் பாதி மார்க் இல்ல."

அடித்த விடை இருந்த தாளை நீட்டினேன். அவர் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிச்சத மதிப்பிடக் கூடாதும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா கூடாது."

"சார், மேல போட்டது முழுசும் சரிங்க" என்றார் கமால் சார்.

"கமாலு, இந்தக் கட்டு இப்ப எல்லார் கண்ணுக்கும் வந்துருச்சு. இதுல நான் ஒரு மார்க் கூட்டினாலும் முப்பத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து வினையாவும்."

அவர் சொன்னதும் சரிதான். கட்டை அப்படியே கமால் சார் பக்கம் நகர்த்தினார். விதிப்படி என் கை அதில் படக் கூடாது. கமால் சார் அந்தத் தாளில் இரண்டு போடும் வரைக்கும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போட்டுவிட்டுப் பேனாவை மூடி, "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று இன்றைக்கும் தெரியாது.

அன்றோடு என்னை முகாமிலிருந்து விடுவித்துவிட்டார்கள். பாலக்கோடு பஸ்ஸில் காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வீடு வந்து சேர்ந்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"தெரியலீங்க."

"சொல்லாம இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாம்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குத்திக் காட்டியதும் இல்லை.

வேலை போகவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தகுதிகாண் பருவத்தை ஒரு வருடம் நீட்டித்தார்கள். பல வருடங்களுக்கு முகாமுக்குக் கூப்பிடவில்லை, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மாவட்டம் முழுக்கப் பேச்சுப் போகும் என்று பயந்தேன். போயிற்று. ஒரு மழைக்காலம் வரைக்கும் பேசினார்கள், பிறகு வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள்.

மதிப்பெண் பட்டியல் நாள்

ஜூனில் அந்தப் பள்ளியில் மதிப்பெண் பட்டியல் கொடுக்கும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்பினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. பஸ்ஸில் வந்து மொரப்பூரில் ரயில் ஏறும்போது, திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முப்பத்தெட்டுப் பேரில் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கணக்கில் ஐந்து பேர் தவறியிருந்தார்கள். அந்த ஐவரில் ஒருவனுக்கு மூன்றே மார்க் குறைவு. பெயர் சங்கர். என் பாடத்தில் போன மார்க் நான்கு.

மகிழ மரத்தடியில் சுற்றி நின்றார்கள். எல்லாரும் ஒரேயடியாக, "டீச்சர், பாப்பா நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். சொல்ல வந்ததை உடனே சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லவே முடியாது போலிருந்தது.

"அந்தப் படிக் கணக்கு இருக்குதில்ல, அத நான் உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். உங்க மேல தப்பு இல்ல. ஆளுக்கு நாலு மார்க் என்னாலதான் போச்சு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதச் சொல்லவா டீச்சர் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றாள் முன்னால் நின்ற கோவிந்தம்மாள்.

சங்கரைத் தனியாகக் கூப்பிட்டேன். அக்டோபரில் மறுபடி எழுதுவதற்கான பணத்தை நான் கட்டுவதாகச் சொன்னேன். "வேணாங்க டீச்சர், அப்பா கட்டிருவாருங்க" என்றான். மறுபடி சொன்னேன். "வேணாங்க" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அவன் அக்டோபரில் தேறிவிட்டான் என்று பின்னால் ஒரு கார்டு வந்தது. ஆனால் அந்த வருடத்துக் கல்லூரி போனது போனதுதான்.

கிளம்பும் முன் கேட்டே விட்டேன்.

"உங்கள்ல ஒருத்தர் மொதல்ல சரியா போட்டுட்டு அப்புறம் அடிச்சிருக்கீங்க. அது யாரு?"

ஆளாளுக்குக் கையிலிருந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்கள். மரத்தில் ஒரு மைனா கத்தியது.

"திட்டறதுக்குக் கேக்கலடா. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

பின்வரிசையிலிருந்து முருகேசன் சொன்னான். "பரீட்சையில என்னத்த எழுதினோம், என்னத்த அடிச்சோம்னு இப்பப் போய் யாருக்குங்க டீச்சர் ஞாபகம் இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரு முகம் எங்காவது இருக்கும் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.